ஆம்பூரில் மூடி திறக்கும் நேரம்

ஆம்பூர் பஜாரில் பகல் பதினொன்றரைக்கு மேல் நடந்தால் எந்தக் கடையில் பிரியாணி தம் உடைத்திருக்கிறார்கள் என்று மூக்கே சொல்லிவிடும். தேக்சா மூடிமேல் கிடக்கும் கரித்துண்டுகளைத் தள்ளிவிட்டு, மாஸ்டர் தட்டகப்பையை ஓரமாக இறக்கி அடியிலிருந்து புரட்டுவார். சீரகச் சம்பா உடையாமல் மேலே வரும். கறித்துண்டோடு ஒட்டிய சோறு செம்மண் நிறம், பக்கத்துச் சோறு வெளுப்பு. அந்தச் சிவப்பு சாயமல்ல. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது. மசாலா வாசனை தூக்கலாக இருக்காது. கறியின் ருசி தெரியவேண்டும் என்பதுதான் இந்த ஊர்ச் சமையலின் பிடிவாதம்.

தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப் பச்சடி, புளிப்பேறிய கத்திரிக்காய்த் தொக்கு. தொக்கு இல்லாமல் தருகிற வெளியூர்க் கடைகள் ஆம்பூர்ப் பெயரைப் பலகையில் எழுதாமலிருப்பது நல்லது.

இந்தப் பிரியாணி ஆற்காடு நவாப் சமையற்கட்டிலிருந்து வந்தது என்பார்கள். இருக்கட்டும். இன்று இதைத் தினமும் வாழவைப்பவர்கள் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்கள். அவர்களில் பலருக்கு மாட்டுக்கறி பிரியாணிதான் கட்டுப்படியாகும் சாப்பாடு. 2022 மே மாதம் அறிவிக்கப்பட்ட பிரியாணித் திருவிழாவில் அதற்கு இடமில்லை என்றதும் எதிர்ப்பு கிளம்பியது; மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிப்போனது.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக் கடைப் பலகைகளை நம்பாதீர்கள். ஊருக்குள் போங்கள், மதியத்துக்குள் போங்கள். மூன்று மணிக்கு மேல் கிடைப்பது ஆறிய சோறு.