ஏணியில் எத்தனை படி? ஆர்ன்ஸ்டைன் கட்டுரையும் எங்கள் பகுதி சபாவும்

எங்கள் தெருமுனையில் ஒரு சிறுபாலம் இருக்கிறது. மழைநீர் வடிகால் ரோட்டைக் கடக்கிற இடம். வடிகாலின் அகலம் மூன்றடி, பாலத்துக்கு அடியில் புதைத்த குழாய் ஒன்றரை அடி. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசியில் முதல் பெருமழைக்கே கீழத்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் வந்துவிடும்.

போன பகுதி சபா கூட்டத்தில், கீழத்தெருவில் பூக்கடை வைத்திருக்கிற அக்கா எழுந்து இதைச் சொன்னார். "போன தடவையும் இதையேதான் சொன்னேன், எழுதிக்கிட்டீங்க." கவுன்சிலர் நல்ல மனுஷர்தான். "இந்தத் தடவையும் எழுதிக்கிறோம்க்கா" என்றார். கூடம் முழுக்கச் சிரிப்பு. அக்காவும் சிரித்தார். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், டீ குடித்தோம், கலைந்தோம்.

அன்றைக்கு ராத்திரி ஷெர்ரி ஆர்ன்ஸ்டைனின் 1969 கட்டுரையை மறுபடி எடுத்துப் படித்தேன். 'குடிமக்கள் பங்கேற்பின் ஏணி' என்று தமிழில் சொல்லலாம். நகரத் திட்டமிடல் படிக்கிற யாரும் தாண்டிப்போக முடியாத கட்டுரை. முதல் முறை படித்தபோது வேதம் மாதிரி இருந்தது. இந்த முறை சில இடங்களில் இடறியது. அந்த இடறல்களைத்தான் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஏணி சொல்வது என்ன?

ஆர்ன்ஸ்டைன் கல்லூரி அறையில் உட்கார்ந்து எழுதியவர் அல்ல. அமெரிக்காவில் 1966-ல் 'மாதிரி நகரங்கள்' என்று ஒரு திட்டம் வந்தது. ஏழைப் பேட்டைகளைச் சீரமைக்கும்போது அங்கே இருக்கிறவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றது சட்டம். மத்திய அரசின் வீட்டுவசதித் துறையில் அந்தப் பங்கேற்பு வேலைக்கு ஆலோசகராக இருந்தவர் அவர். பங்கேற்பு என்ற பெயரில் என்னவெல்லாம் நடக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

அவர் போட்ட ஏணியில் எட்டுப் படிகள். அடியில் இரண்டு: மக்களைக் கையாளுதல், மக்களுக்கு 'வைத்தியம்' பார்த்தல். இரண்டுமே பங்கேற்பு அல்ல என்கிறார். நடுவில் மூன்று: தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்த ரெண்டு பேரைக் கமிட்டியில் உட்கார வைப்பது. இவை பேருக்கு நடக்கிற பங்கேற்பு. மேலே மூன்று: கூட்டாண்மை, ஒப்படைக்கப்பட்ட அதிகாரம், மக்கள் கட்டுப்பாடு. இந்த மூன்றில்தான் அதிகாரம் நிஜமாகக் கை மாறுகிறது.

கட்டுரையில் ஒரு சுவரொட்டியும் வருகிறது. பாரிஸ் மாணவர்கள் 1968-ல் ஒட்டியது. பங்கேற்பது என்ற வினைச்சொல்லை நான், நீ, அவன் என்று வரிசையாக இலக்கணப் பாடம் மாதிரி எழுதிக்கொண்டே போய், 'அவர்கள்' என்ற கடைசி இடத்தில் மட்டும் வினையை மாற்றிவிடுவார்கள்: அவர்கள் லாபம் பார்க்கிறார்கள் என்று. கட்டுரையின் முழு வாதமும் அந்தச் சுவரொட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதிகாரம் கை மாறாத பங்கேற்பு வெறும் சடங்கு.

ஏணி நம் ஊரில் சரியாகப் பிடிப்பது

முதலில் நியாயமாக அதற்குரிய இடத்தைக் கொடுத்துவிடுவோம். நம் ஊர்க் கதையை இந்த ஏணியில் சாத்தி வைத்தால் பலதும் பளிச்சென்று தெரிகிறது.

அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993 ஜூன் 1-ல் அமலுக்கு வந்தது. மூன்று லட்சம் பேருக்கு மேல் இருக்கிற நகரங்களில் வார்டு கமிட்டி வேண்டும் என்கிறது அது. ஒரு கமிட்டி பல வார்டுகளைச் சேர்த்தும் இருக்கலாம் என்பதால், தெருவுக்கும் கமிட்டிக்கும் நடுவே நல்ல தூரம் விழுந்தது. 2005-ல் வந்த ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டம், காசு வேண்டுமானால் மக்கள் பங்கேற்புக்குச் சட்டம் போடுங்கள் என்று மாநிலங்களிடம் சொன்னது. தமிழ்நாட்டில் 2010-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். விதிகள் வந்தது 2022-ல். நடுவில் 2016 முதல் 2022 வரை சென்னை மாநகராட்சியில் கவுன்சிலர்களே கிடையாது, தனி அதிகாரி ஆட்சி. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பகுதி சபாக்கள் கூடின. பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதலமைச்சரே போனார்.

கிராமங்களில் கிராம சபை எப்போதோ பழகிவிட்டது. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று தேதிகூட ஜனங்களுக்கு மனப்பாடம். நகரத்துக்காரனுக்கு 2022 வரை அப்படி ஒன்று இல்லை. ஆகவே பகுதி சபா வந்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் விதியைப் பார்த்தால், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி உண்டு, அவர் அந்தப் பகுதி ஜனங்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர் அல்ல, மன்றம் நியமிக்கிறவர். பகுதி சபா பரிந்துரை செய்யலாம். பட்ஜெட் மன்றத்திடம்தான்.

ஆர்ன்ஸ்டைன் உயிரோடு இருந்தால் இதை ஐந்தாவது படியில் வைத்திருப்பார்: சமாதானப்படுத்தும் படி. பூக்கடை அக்காவுக்குக் கிடைத்தது அதற்கும் கீழே, நாலாவது படி. கருத்துக் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இதைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுவதற்கு இந்த ஏணி அருமையான கருவி. ஐம்பது வருஷத்துக்கு மேல் நிற்பது அதனால்தான்.

முதல் இடறல்: 'மக்கள்' என்பது யார்?

ஏணி என்றால் ஏறுகிறவர் ஒருவர், மேலே உட்கார்ந்திருப்பவர் ஒருவர். இல்லாதவர் ஒரு பக்கம், அதிகாரம் இருப்பவர் இன்னொரு பக்கம். இது ஒரு சுருக்கம்தான், இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல என்று ஆர்ன்ஸ்டைனே ஒப்புக்கொள்கிறார். நிஜத்தில் நூற்றைம்பது படிகள்கூட இருக்கலாம் என்றும் சொல்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டு, ஏணியையே வைத்துக் கட்டுரையை முடித்துவிடுகிறார். படம் மனதில் நின்றது, எச்சரிக்கை நிற்கவில்லை.

எங்கள் சிறுபாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உடைத்துப் பெரிதாக்க ரெண்டு மாசம் ரோட்டைத் தோண்ட வேண்டும். முனையில் கடை வைத்திருக்கிற மேலத்தெருக்காரர்களுக்கு அது பிடிக்காது. அவர்கள் வீட்டில் தண்ணீர் ஏறுவதும் இல்லை. கீழத்தெருவில் பாதிப்பேர் வாடகைக்கு இருப்பவர்கள். பகுதி சபாவில் உறுப்பினர் என்றால் அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பேர் இருக்க வேண்டும். வாடகைக்காரர்கள் பலருக்கு ஓட்டு இன்னும் சொந்த ஊரில். ஆக, தண்ணீருக்குள் நிற்கிறவருக்கு சபையில் இடமில்லை, மேட்டில் நிற்கிறவருக்கு இருக்கிறது. நாளைக்கே மன்றம் முழு அதிகாரத்தையும் சபாவிடம் கொடுத்து எட்டாவது படியில் ஏற்றிவிட்டாலும், பாலம் உடைபடுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

உடைத்துவிட்டோம் என்றே வைப்போம். வேகமாகப் போகிற தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து வார்டுக்கு. அங்கேயும் ஒரு பகுதி சபா இருக்கிறது, அவர்களும் எட்டாவது படியில் இருப்பார்கள். தண்ணீருக்கு வார்டு எல்லை தெரியாது. அதிகாரத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பது பொதுச் சேவையைச் சிதறடிக்கும் என்ற எதிர்வாதத்தை ஆர்ன்ஸ்டைன் கட்டுரையின் கடைசியில் பட்டியல் போடுகிறார், ஆனால் பதில் சொல்ல நிற்கவில்லை. சாக்கடை விஷயத்தில் அந்தப் பதில்தான் முக்கியம்.

இரண்டாவது இடறல்: எதைப் பங்கு போடுகிறோம்?

இதற்குப் பதிலைக் கராச்சியில் தேடலாம். அங்கே ஓரங்கி என்று ஒரு பெரிய குடியிருப்பு, அரசாங்கம் அங்கீகரிக்காமல் வளர்ந்தது. 1980-ல் அக்தர் ஹமீத் கான் அங்கே ஒரு முயற்சியைத் தொடங்கினார். இருபது முப்பது வீடு இருக்கிற ஒரு சந்து ஒரு அலகு. சந்துக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பொறுப்பாளராக வைத்து, காசு போட்டு, தங்கள் சந்தின் பாதாளச் சாக்கடையைத் தாங்களே போட்டார்கள். திட்டக்காரர்கள் காசு கொடுக்கவில்லை. அளந்து கொடுத்தார்கள், கருவிகளை இரவல் கொடுத்தார்கள், தப்பாகப் போட்டால் சொல்லிக் கொடுத்தார்கள். கான்ட்ராக்டர் நடுவில் இல்லாததால் செலவு அடியோடு குறைந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இப்படி இணைந்தன.

இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் போட்ட கோடு. வீட்டுக் கழிப்பறை, சந்துச் சாக்கடை, அவற்றைச் சேர்க்கிற இடைநிலைச் சாக்கடை: இவை உள் வேலை, மக்களுடையது. பிரதானக் குழாய், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு: இவை வெளி வேலை, அரசாங்கத்துடையது. இந்த ஏற்பாட்டை ஆர்ன்ஸ்டைன் ஏணியில் எந்தப் படியில் வைப்பீர்கள்? சந்துக்குள் மக்கள் கட்டுப்பாடு முழுசாக இருக்கிறது. பிரதானக் குழாயில் அரசின் கட்டுப்பாடு, ஆனால் மக்கள் வரைந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு. ஓடைகள் எங்கே ஓடுகின்றன, எங்கே அடைபட்டிருக்கின்றன என்று உள்ளூர் இளைஞர்களை வைத்து வரைந்தார்கள். இதை முன்னின்று நடத்திய பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச் 13-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். வரைபடம் வரைவது சாதுவான வேலை என்று நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இதோடு நம் 'நமக்கு நாமே' திட்டத்தை வைத்துப் பாருங்கள். 1990-களின் கடைசியில் வந்தது, நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்று பேர் மாறியது, 2021-க்குப் பிறகு பழைய பேரில் திரும்பியது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடும். நல்ல வேலைகள் இதில் நடந்திருக்கின்றன. ஆனால் இங்கே பங்கு போடப்படுவது பணம். பணம் யாரிடம் இருக்கிறதோ அந்தத் தெருவுக்குத்தான் பூங்கா முதலில் வரும். ஓரங்கியிலும் ஏழைகள் காசு போட்டார்கள்தான். ஆனால் அங்கே காசோடு சேர்த்து அளவு, விலை, மேற்பார்வை எல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. நம் திட்டத்தில் பல நேரம் காசைக் கட்டிவிட்டு வழக்கமான டெண்டருக்காகக் காத்திருக்கிறோம். கூட்டாண்மை என்று ரெண்டையும் ஒரே பேரில் அழைத்தால் வித்தியாசம் மறைந்துபோகும். ஏணி அந்த வித்தியாசத்தைக் காட்டாது.

மூன்றாவது இடறல்: ஏறிய படியில் நிற்போமா?

ஏணி படத்துக்குக் காலம் தெரியாது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரத்தில் 1989-ல் தொழிலாளர் கட்சி நகராட்சியைப் பிடித்ததும் பங்கேற்பு பட்ஜெட்டைக் கொண்டுவந்தது. பகுதிவாரியாகக் கூட்டம், அங்கே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், எந்தப் பகுதிக்கு வசதி குறைவோ அதற்கு அதிக மதிப்பெண் தருகிற ஒரு பகிரங்கச் சூத்திரம். உலகமே போய்ப் பார்த்தது. 2004 தேர்தலில் கட்சி தோற்றது. பேர் மட்டும் மிஞ்சி, உள்ளே மெல்லத் தேய்ந்து, 2017-ல் நிறுத்தியே விட்டார்கள்.

கேரளத்தில் 1996-ல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிக்கு என்று ஒதுக்கினார்கள். அங்கேயும் ஆட்சி மாறியது, வேகம் ஏறி இறங்கியது. ஆனால் பணம் உள்ளாட்சிக்குப் போகிற பாதை அடைபடவில்லை. போர்ட்டோ அலெக்ரியில் எல்லாம் மேயரின் மனசை நம்பி நின்றது. கேரளத்தில் சட்டமும் கணக்கும் தாங்கின. எத்தனையாவது படி என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் படியை எந்த ஆணி தாங்குகிறது என்று கேட்கலாம்.

அப்போ ஏணியைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். ஏமாற்றுகிறார்களா என்று பார்க்க அதைவிட எளிமையான கருவி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேட்போம். இந்தச் சபையில் பாதிக்கப்படுகிறவர் உறுப்பினரா? வேலையில் எந்தத் துண்டு நம்முடையது, எந்தத் துண்டு நகராட்சியுடையது? ஆள் மாறினால் இது நிற்குமா?

எங்கள் பாலத்துக்கு வருகிறேன். கூட்டம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கீழத்தெருப் பையன்கள் மூன்று பேரும் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வடிகாலை முழுக்க அளந்தோம். மொத்தம் நாலு இடத்தில் குழாய் சிறுத்திருக்கிறது. அதில் ஒன்று எங்கள் வார்டிலேயே இல்லை. அளந்ததைச் சார்ட் பேப்பரில் வரைந்து பூக்கடையில் ஒட்டியிருக்கிறோம். வாடகைக்கு இருக்கிறவர்கள் தங்கள் வீட்டில் தண்ணீர் ஏறிய உயரத்தைப் பென்சிலில் குறித்துவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பேப்பர்தான் போகும். அக்கா இந்தத் தடவை கோரிக்கை வைக்கப் போவதில்லையாம். "போன ரெண்டு தடவை எழுதினீங்களே, அதை அடிச்சது யாரு, எதுக்கு அடிச்சாங்க, அதை மட்டும் வாசிங்கன்னு கேக்கப் போறேன்" என்கிறார்.

இது எத்தனையாவது படி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.