பாடமா ஆளின் எடைக்கல்?

1959-இல் கேம்பிரிட்ஜில் சி. பி. ஸ்னோ ஆற்றிய ‘இரு பண்பாடுகள்’ உரை, இலக்கியம் கற்றோரை ஒரே கேள்வியால் எடைபோட்டது: வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி தெரியுமா? தெரியாதென்றனராம். வென்றாரா ஸ்னோ? இல்லை! 1962-இல் திறனாய்வாளர் லீவிஸ் சீறினார்; ஸ்னோ நாவலாசிரியரே அல்லர் என்றார். பாடம் பகையாயிற்று.

இயற்பியலும் கற்று நாவலும் எழுதிய ஸ்னோவின் வாழ்வே, அவர் காட்டிய சுவரைத் தகர்க்கிறதே! இளமையிலேயே மாணவரை ஒரே துறைக்குள் அடைக்கும் கல்விமுறையை அவர் சாடினார், அது நியாயம். அடைத்தது பள்ளியெனில், அடைபட்டவனை ஏளனம் செய்வானேன்?

உரையின் உயிர் வேறு: செல்வநாடுகளுக்கும் வறியநாடுகளுக்கும் இடையேயுள்ள பிளவு. அறிஞர்தம் பூசலில் அது பெரிதும் மறைந்தது. தோழர்களே, பட்டத்தைக் கண்டு ஆளை அளக்காதீர். கற்ற அறிவு எவர் பசியைத் தீர்த்தது என்று கேளுங்கள்!