நிறமில்லாத நஞ்சு

ஜப்பானின் நீகாட்டா மாநிலத்தில் யமகோஷி, ஓஜியா மலைப்பகுதிகள்தான் நிஷிகிகோய் எனும் வண்ணக் கெண்டையின் பிறந்த ஊர். 1914இல் டோக்கியோவில் நடந்த தைஷோ பொருட்காட்சிக்குப் போன பிறகே அதன் புகழ் மலையை விட்டு இறங்கியது. அங்கே கோடை முழுவதும் மீன்களைப் படிக்கட்டு வயல்களுக்கு நடுவே உள்ள களிமண் குட்டைகளில் விட்டுவிடுவார்கள். தண்ணீர் கலங்கிக் கிடக்கும். உள்ளே மீன் இருப்பதே தெரியாது. அக்டோபர் வாக்கில் வலை வீசி எடுத்தால், உடம்பு திரண்டு, நிறம் அழுத்தமாக ஏறியிருக்கும்.

ஆக, தெளிவைக் கேட்பது மீன் அல்ல, நாம்தான். நிஷிகிகோய் மேலிருந்து ரசிப்பதற்கென்றே வளர்த்தெடுத்த மீன். கொஹாகு என்ற வகையின் வெள்ளை முதுகில் சிவப்பு எந்த இடத்தில் நிற்கிறது, விளிம்பு கூராக இருக்கிறதா, கரைந்து வழிகிறதா என்று பார்க்க, நடுவில் தண்ணீர் இருப்பதே கண்ணுக்குப் படக் கூடாது.

அந்தத் தெளிவில் ஓர் ஏமாற்று உண்டு. மீன் செவுள் வழியே விடும் அமோனியாவுக்கு நிறமில்லை. வடிகட்டியில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கும், வேறு சில அதை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாக்கும். இந்தக் கூட்டம் நிலைபெறச் சில வாரங்கள் ஆகும். புதுக் குளத்தில் பளிங்குத் தண்ணீரிலேயே மீன் செத்து மிதப்பது அதனால்தான். புற ஊதா விளக்கு பச்சைத் தண்ணீரைத் தெளிய வைக்கும். அமோனியாவை அது தொடாது. அந்த விளக்கை நான் ஒப்பனைச் சாமான் என்றே சொல்வேன். வடிகட்டியைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவும் சுத்தக்காரர்களை என்னவென்று சொல்ல? உழைக்கிற பாக்டீரியாவை அவர்களே கொன்றுவிடுகிறார்கள். குளத்து நீரிலேயே லேசாக அலசினால் போதும்.

தேர்ந்த கண் முதலில் மீனின் நடத்தையைப் படிக்கும். துடுப்பை விரித்துச் சோம்பலாகச் சுற்றுகிறதா, நீர் விழும் இடத்தில் கூடி வாயைப் பிளக்கிறதா? மேலே மிதக்கும் நுரை உடையாமல் நின்றால் கரைந்த கழிவு மிகுந்துவிட்டது என்று அர்த்தம்.

யாராவது தங்கள் குளத்தைக் காட்ட அழைத்தால், மீனைப் புகழ்வதற்கு முன் வடிகட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வளர்ப்பவரின் கைவண்ணம் அங்கேதான் இருக்கிறது.