வலிக்குச் சாட்சி யார்?

தலித் எழுத்தைப் பற்றி நாலு வரி எழுதுகிற விமர்சகருக்குக்கூட 'வலி' என்ற சொல் இல்லாமல் ஓடாது. புத்தகத்தில் மெச்சப்படும் அந்த வலி, மாத்திரை கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் என்ன ஆகிறது?

1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தை ஒரு பிரதியாக வாசிப்போம். பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சமே 10 வருஷம் ஜெயில். மார்ஃபின் வாங்க, வைத்திருக்க, கொண்டுபோக என்று பல உரிமங்கள். பயந்துபோன ஆஸ்பத்திரிகள் வாங்குவதையே விட்டன. நாட்டில் செலவான மார்ஃபின் 1985க்குப் பிறகு சரிந்து சரிந்து 1997இல் 18 கிலோவானது. அரசாங்கமே அபின் விளைவித்து ஏற்றுமதி செய்கிற நாட்டில் நடந்த கூத்து இது.

2014இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை, பயிற்சி பெற்ற டாக்டர், இருப்புக் கணக்கு இருந்தால் போதும். பூட்டு திறந்தாச்சு. சந்தேகம் போச்சா?

அயனம்பாக்கத்தில் சித்தாள் வேலை பார்க்கும் அம்மா ஒருத்திக்கு வாய்ப்புற்று என்று வைத்துக்கொள்வோம். அங்கீகாரமில்லாத இடத்துக்குப் போனால் பாரசிட்டமாலோடு திரும்பணும். பெரியாஸ்பத்திரிக்கு மகன் கூட்டிப்போனால் அவன் கூலியும் போச்சு. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவ'த்தில் வலிதணிப்புக்கு நர்ஸ் வீட்டுக்கே வருவார். ஆனா மார்ஃபினை டாக்டர்தான் எழுதணும்.

அவர் எப்படி எழுதுவார்? மார்ஃபினில் எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. கொடுத்துப் பார்த்து, 'குறைஞ்சுதா?' என்று கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். வலியை அளக்க மெஷின் இல்லை. நோயாளியின் வாய்ச்சொல்தான் அளவுகோல்.

சேரிக்காரி வாய்ச்சொல்லை எவன் நம்பினான்? 'உழைச்ச உடம்பு, தாங்கும்' என்பதுதானே நாம் கேட்டு வளர்ந்தது? 2016இல் அமெரிக்காவில், வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், வெள்ளை மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி டாக்டர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர், கறுப்பருக்குத் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பு நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள், மருந்தும் சரியாகச் சொல்லவில்லை. இங்கே சாதியை வைத்து அப்படி ஒரு கேள்வியைக் கேட்க வேண்டாமா?

நம் சாட்சியத்தை இலக்கியமாக ஏற்கிறார்கள், சரி. ஓ.பி. சீட்டிலும் ஏற்கணும். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை ஒவ்வொன்றும் மார்ஃபின் கணக்கு வைத்தாகணும். தகவல் அறியும் சட்டம் 2005லிருந்து கையில் இருக்கிறது. உங்க பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அங்கீகாரம் உண்டா, பயிற்சி பெற்ற டாக்டர் எத்தனை பேர், போன வருஷம் எவ்வளவு மார்ஃபின் கொடுத்தார்கள் என்று தோழர்கள் எழுதிக் கேளுங்கள். வருகிற பதிலை இங்கே அச்சிடுவோம்.