மேற்கோளா? மெய்யா?

ஆய்விதழ் ஒன்றின் உயர்வை எதனால் அளப்பது? அதன் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணுக என்கின்றனர் கற்றறிந்தோர். முந்தைய இரண்டு ஆண்டுகளின் கட்டுரைகள் இவ்வாண்டு பெற்ற மேற்கோள்களைக் கூட்டி, கட்டுரைகளின் தொகையால் வகுத்தால் கிடைப்பது 'தாக்கக் காரணி'. அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு வகுத்த இக்கணக்கு, 1975 முதல் பட்டியலாக வருகிறது. பேராசிரியரின் பதவி உயர்வுக்கு அது படிக்கல். பல்கலைக்கழகத்தின் பெருமைக்கு அது பட்டயம்!

எண்ணுவது எளிது, தோழர்களே! எடைபோடுவதன்றோ அரிது!

சான்று ஒன்று காண்போம். 1969-இல் 'ஹார்வர்டு எஜுகேஷனல் ரிவ்யூ' என்னும் கல்வி ஆய்விதழில், பெர்க்லிப் பேராசிரியர் ஆர்தர் ஜென்சன் 123 பக்கக் கட்டுரை தீட்டினார். ஏழைக் குழந்தைகளைக் கைதூக்கிவிடத் தொடங்கிய கல்வித் திட்டங்கள் தோற்றன என்றார். நுண்ணறிவு வேறுபாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபுவழி வருவது என்றார். வெள்ளையர்க்கும் கறுப்பினத்தார்க்கும் இடையே காணும் மதிப்பெண் வேறுபாட்டிலும் மரபுக்குப் பங்கிருக்கலாம் என்றார். பிறவியே தகுதி என்னும் பழம்பாட்டு. அதற்குப் புள்ளிவிவரம் பக்கவாத்தியம்!

விளைவு? செய்தி வர்ஜீனியா நாளேடுகளில் தலைப்பாகி ஐந்தே நாளில், கறுப்பினச் சிறுவரையும் வெள்ளையரையும் ஒரே பள்ளியில் சேர்க்கக் கோரிய வழக்கை எதிர்ப்போர் கையில் அது ஆயுதமாயிற்று. அவ்விதழிலேயே, அடுத்த வெளியீட்டில், வில்லியம் பிராசியல் இதனை எடுத்துரைத்தார்.

ஜென்சன் பெரிதும் சார்ந்திருந்தது சிரில் பர்ட் தந்த இரட்டையர் கணக்கை. 1955-இல் 21 இணையர். 1966-இல் 53 இணையர். ஆயினும் ஒப்புமை எண் இருமுறையும் 0.771! இவ்விந்தையை லியான் காமின் 1974-இல் அம்பலமாக்கினார். அக்கணக்கு நம்பத்தக்கதன்று என ஜென்சனும் அவ்வாண்டே எழுத நேர்ந்தது. அது மோசடியா, அசட்டையா என்ற வாதம் பின்னரும் நீண்டது.

இதற்கிடையே மேற்கோள்கள் மலையெனக் குவிந்தன. புகழ்ந்தவரும் காட்டினர், பொய்யென மறுத்தவரும் காட்டினர். கூட்டல் கணக்கு அறியுமோ, கைத்தட்டலுக்கும் கண்டனத்துக்கும் உள்ள வேறுபாட்டை?

இனி மற்றொரு 123-ஐப் பாருங்கள். அவை பக்கங்களல்ல, குழந்தைகள்! மிச்சிகன் மாநிலத்து இப்சிலான்டி நகரில், 1962-இல் தொடங்கிய பெர்ரி முன்பள்ளி ஆய்வில் இடம்பெற்ற ஏழைக் கறுப்பினக் குழந்தைகள். ஒரு பிரிவினர்க்குப் பள்ளி வாய்த்தது. மறு பிரிவினர்க்கு இல்லை. நுண்ணறிவு எண்ணில் கண்ட ஏற்றம் சில ஆண்டுகளில் மங்கியது உண்மையே. ஆனால் நாற்பது வயதுவரை தொடர்ந்து நோக்கியபோது, பயின்றவருள் 65 விழுக்காட்டினர் உயர்நிலைக் கல்வியை முடித்திருந்தனர். மற்றவருள் 45 விழுக்காட்டினரே. சிறிய ஆய்வுதான், எனினும் அது காட்டியது பெரிய உண்மை.

இதழின் எண்ணைக் கொண்டு ஆய்வாளரை எடைபோடாதீர் என, 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய அறிஞர் உருவாக்கிய சாற்றுரையும் கூறுகிறது. கல்வி ஆய்வின் தாக்கம், அடுத்த கட்டுரையின் அடிக்குறிப்பில் இல்லை. வகுப்பறையின் கடைசி விசிப்பலகையில் இருக்கிறது. அங்கே அமர்ந்திருக்கும் சிறுவன் எழுந்தானா, வீழ்ந்தானா என்று கேளுங்கள். ஏட்டின் தரம் அப்போது விளங்கும்!