வேலும் கிற்றாரும்: பாட்டு யாருக்கு உரியது?

பழம்பாட்டைப் புதிய வாத்தியத்தில் இசைத்தால் பாட்டுக் கெட்டுவிடும் என்பார் ஒரு சாரார். வாத்தியம் புதிதானால் பாட்டும் புதிதாகிவிடும் என்பார் மற்றொரு சாரார். இருவரும் ஒரே தவறைச் செய்கின்றனர். பாடுகிறவனையும் கேட்கிறவனையும் விட்டுவிட்டு, பாட்டை மட்டும் தனியே எடுத்துத் தராசில் நிறுக்கின்றனர். சுசீலா ராமன் 2011 இல் வெளியிட்ட ‘வேல்’ என்னும் இசைத்தொகுதியை மதிப்பிடப் புகுவோர் இத்தராசை முதலில் ஒதுக்கிவைத்தல் வேண்டும்.

சுசீலா ராமன் 1973 இல் இலண்டனில் பிறந்தவர். பெற்றோர் தஞ்சாவூரைச் சேர்ந்த தமிழர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் அவுஸ்திரேலியாவிற் குடியேறியது. வீட்டிலே கர்நாடக இசை பயின்றார். இளமையில் றொக் இசைக்குழு அமைத்துப் பாடினார். பின்னர் 1995 இல் இந்தியா சென்று சுருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி இசை கற்றார். 1997 இல் இலண்டன் திரும்பி, கிற்றார் கலைஞரான சாம் மில்சுடன் இணைந்து இசையமைக்கத் தொடங்கினார். 2001 இல் வந்த ‘சால்ட் ரெயின்’ என்னும் முதல் தொகுதியில் தியாகராசரின் கிருதியொன்றும் இடம்பெற்றது. பிரித்தானியாவின் மேர்க்குரிப் பரிசுக்குரிய இறுதிப் பட்டியலில் அத்தொகுதி இடம்பெற்றது. வின்சென்ட் செகல் என்னும் பிரெஞ்சு செலோ கலைஞர் அவருடன் வாசித்தார். பிரான்சு நாட்டு இரசிகர்களும் அவரை விரும்பி ஏற்றனர். 2007 இல் மேலைநாட்டு றொக் பாடல்களையே எடுத்துத் தம் பாணியிற் பாடி ஒரு தொகுதியாக்கினார். அதன்பின் வந்ததே ‘வேல்’.

இந்தப் பயணத்தின் திசை கவனத்துக்குரியது. கர்நாடக இசைக் கச்சேரி மேடையின் கிருதியிலே தொடங்கியவர், முருகன் கோயிற் கூட்டத்தின் பாட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். நம் சங்கீத சபைகள் நெடுங்காலம் அப்பாட்டைக் கீழானதாகவே கருதி வந்தன. ஆவேசம் மிக்கது, கணக்குக் குறைந்தது, தெருவுக்குரியது என்று அதனைத் தள்ளிவைத்தன. ‘வேல்’ அந்த ஆவேசத்தையே தன் மூலதனமாகக் கொள்கிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்த இத்தொகுதியில் ‘பால்’ என்னும் முருகன் பாடலைக் கேட்போர், குரல் முதலில் தாழ்ந்து கனத்து நிற்பதையும், பின்பு கட்டவிழ்ந்து மேலெழுவதையும் காண்பர். மின்கிற்றாரின் கரகரப்பு அங்கே அலங்காரமாக ஒட்டவைக்கப்படவில்லை. காவடி தூக்கியவனின் மூச்சிரைப்பைப் போலப் பாட்டின் உள்ளிருந்தே எழுகிறது. தபேலாவின் வேகமும் அதற்கு ஈடுகொடுக்கிறது. முன்னோர் சொத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டும் காப்பாளராக அவர் பாடவில்லை. அதனை எடுத்துச் செலவழிக்கத் துணிந்த வாரிசாகப் பாடுகிறார். இத்தொகுதியின் முதற்பெருமை இதுவே.

முருகன் பாட்டைப் பற்றி வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு முஸ்லிம் வாசகன் ஏன் இத்தனை அக்கறை கொள்ளவேண்டும் என்று கேட்கலாம். அப்பாட்டு எங்களுக்கு அயலானதன்று. ஆண்டுதோறும் கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம், கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களுடன் பிணைந்த இக்கரையோரத்தின் வழியாகவே உகந்தைக்குச் சென்று காட்டினுள் நுழைகிறது. கதிர்காமத்திலே முருகனின் சந்நிதிக்கு அருகில் பள்ளிவாசலும் இருக்கிறது. கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழாவில் பக்கீர்பாவாமார் றபானை முழக்கிப் பாடுகின்ற ஓசையைக் கேட்டவன், ‘பால்’ பாடலின் தாளத்தை உடனே இனங்கண்டுகொள்வான். தெய்வம் வேறு, மொழிவழக்கு வேறு. ஆயினும் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, கூடியிருப்போர் அனைவரையும் ஒரே மூச்சாக்கும் முறை ஒன்றே. உழைத்துக் களைத்த மக்கள் தம் துயரைக் கூட்டாக இறக்கிவைப்பதற்குக் கண்ட வழி அது.

‘வேல்’ தொகுதியின் குறைபாடும் இவ்விடத்திலேயே வெளிப்படுகிறது. காவடிப் பாட்டிலும் சரி, பாவாமாரின் பாட்டிலும் சரி, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் ஏற்றுப் பாடுவர். ஏற்றுப் பாடுவோரே அப்பாட்டின் பாதி. அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து வழிநடைக்காகவே பிறந்தது; நடக்கும் கால்கள் அதற்குத் தாளமாயின. ஐரோப்பிய அரங்கிலோ, நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்திருப்போர் மொழி அறியாமற் கேட்டுக் கைதட்டுகின்றனர். ஏற்றுப் பாடியவன் இப்போது வாடிக்கையாளனாகிவிட்டான். ‘உலக இசை’ என்னும் பெயரே 1987 இல் இலண்டனிற் கூடிய சிறு இசைத்தட்டு நிறுவனத்தார், கடையிலே எத்தட்டை எவ்வரிசையில் அடுக்குவது என்பதற்காகத் தேர்ந்தெடுத்த பெயர்தான். பல தேசத்து மக்களின் பாட்டுகள் ஒரே அலமாரிக்குள் அடங்கியபோது, அவற்றைப் பாடிய மக்களின் வாழ்க்கை அலமாரிக்கு வெளியே நின்றுவிட்டது. இது ஒரு பாடகியின் குற்றமன்று. பாட்டைப் பண்டமாக்கிய சந்தையின் இயல்பு. எனினும் அந்த இயல்பை மீறும் முயற்சி தொகுதியிலே போதிய அளவு இல்லை. கிற்றார் சீறுகிறது, எதனை எதிர்த்துச் சீறுகிறது என்பது தெளிவாகவில்லை. ஆவேசம் இருக்கிறது, அதற்கு முகவரி இல்லை.

இக்குறையைச் சுட்டுகின்ற நாம், நம் வீட்டு நிலைமையையும் நோக்குதல் வேண்டும். இறக்காமக் குளத்து நீர் பாயும் வயல்களிலும், இம்மாவட்டத்து ஏனைய வயல்வெளிகளிலும் பிறந்தவை எங்கள் கவிகள். இரவுக் காவலில் பரணிலிருந்தபடி ஒருவன் மச்சியை விளித்துப் பாடிய கவி, களவெட்டியிலே சூடு மிதிக்கும்போது மாடுகளை ஓட்டியவாறு எழுந்த பொலிப்பாட்டு, கணவனைப் பிரிந்த பெண் தனக்குள் பாடிக்கொண்ட கவி எனப் பல. போடியாரின் அதிகாரத்தையும் குத்தகைக்காரனின் கடனையும் ஏட்டிலே எழுத இயலாதோர் இவற்றிலேதான் எழுதிவைத்தனர். இன்று அறுவடை இயந்திரம் ஒரு நாளைய வேலையைச் சில மணிகளில் முடித்துச் செல்கிறது. சூடுமில்லை, பொலிப்பாட்டுமில்லை. உழைப்பின் கடுமை குறைந்ததற்காக எவரும் வருந்தவேண்டியதில்லை. உழைப்போடு பிறந்த குரலும் சேர்ந்தே ஒழிய வேண்டுமா என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு இருவிதமான விடைகள் நம்மிடையே கிடைக்கின்றன. ஒன்று, கவியை ஆண்டுக்கொருமுறை கலாசார விழா மேடையில் உடையணிந்து பாடி, மறுநாள் மறந்துவிடுவது. மற்றது, இசையே மார்க்கத்துக்கு ஒவ்வாதென்றும், வயற்காட்டுப் பாட்டு நாகரிகத்துக்கு இழுக்கென்றும் கூறி அதனைக் கைவிடுவது. இரண்டாவது விடையைக் கூறுவோரின் வீடுகள் பலவற்றிலும் நாகூர் ஈ. எம். ஹனிபாவின் (1925–2015) குரல் ஒலித்தே வந்திருக்கிறது. மெல்லிசை வாத்தியங்களோடு அவர் பாடியவை இன்று எவருக்கும் அந்நியமாகத் தோன்றவில்லை. புதிய வாத்தியம் பக்தியைக் குலைக்கவில்லையெனில், அது கவியையும் குலைக்காது.

ஆராய்ச்சிக்கும் இம்மண்ணிற் குறைவில்லை. கல்முனைக்கு அடுத்த காரைதீவிலே பிறந்த விபுலாநந்த அடிகள், மறைந்துபோன யாழின் இசையைக் கணக்கிட்டு எழுதிய ‘யாழ் நூல்’ 1947 இல் அரங்கேறியது. நாட்டுப் பாடல்களைத் தொகுத்துப் பதிப்பித்த அறிஞர்களும் உளர். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் தொகுத்த பாட்டு அச்சிலே உறங்கும். பாடும் பாட்டே வாழும். சுசீலா ராமனிடமிருந்து நம் இளைஞர் பெறவேண்டிய பாடம் அத்துணிவு. பெறாமல் விடவேண்டியது, பாட்டை அதன் மக்களிடமிருந்து பெயர்த்தெடுக்கும் வழக்கம்.

பாடுவதற்குப் பொருளா இல்லை? 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு இறுதிக்குள் தடை நீக்கப்பட்டபோதிலும், அதற்குள் விதைத்த வயலை நோக்கி நின்ற விவசாயியின் நெஞ்சு பட்ட பாட்டைப் பாடிய கவி எத்தனை? பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு அரபு நாட்டுச் சமையலறைகளில் உழைக்கும் நம் பெண்களின் பிரிவுக்குரிய கவி எங்கே? முன்னோரின் பெண்கள் பிரிவைப் பாடத் தெரிந்தவர்களாயிருந்தனர். அவர்களின் பேத்திகள் அதே பிரிவைத் தொலைபேசியிலே அழுது முடிக்கின்றனர்.

கிற்றாரோ, றபானோ, கைப்பேசியில் அமைத்த தாளமோ, எது வேண்டுமானாலும் கவிக்குத் துணையாகட்டும். அதனை ஏற்றுப் பாடுவதற்கு ஊரிலே நாலுபேர் இருக்கவேண்டும் என்பதொன்றே நிபந்தனை. அந்நால்வரை உண்டாக்காத இசை எத்தனை நாடுகளிற் பரிசு பெற்றாலும், அதன் வேலை பாதியிலேயே நிற்கிறது. அவர்களை உண்டாக்கும் இசை இந்த வயல்வெளியைத் தாண்டாவிட்டாலும் தன் கடமையை முடித்ததாகும்.