ஐந்தாவது அச்சம்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று கணக்குச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. வருத்தும் தெய்வத்துக்குப் பயப்படலாம், புலிக்குப் பயப்படலாம், வழிப்பறிக்காரனுக்கும் தண்டிக்கிற அரசனுக்கும் பயப்படலாம். நான்குமே நமக்கு வெளியே இருப்பவை. ஓடலாம், ஒளியலாம், காலில் விழலாம், முடிந்தால் திருப்பி அடிக்கலாம்.

ராத்திரி இரண்டு மணிக்குக் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. விரல் நுனி மரத்துப்போகிறது. தொண்டையை யாரோ பிடித்த மாதிரி இருக்கிறது. 'அவ்ளோதான், போறேன்' என்று தோன்றுகிறது. இப்போது எங்கே ஓடுவது? பயப்படுகிறவரும் பயமுறுத்துவதும் ஒரே தோலுக்குள் இருக்கும் இந்த ஐந்தாவது அச்சத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

மருத்துவமே இதற்குத் தனிப் பெயர் வைத்தது சமீபத்தில்தான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில், 1980ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் 'பேனிக் டிஸார்டர்' தனியாக இடம்பிடித்தது. உடம்புக்குள் பெரிய நோய் ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற ஓயாத பயத்துக்கு 'இல்னஸ் ஆங்ஸைட்டி டிஸார்டர்' என்ற பெயர் 2013ல் ஐந்தாம் பதிப்பில் வந்தது. இரண்டும் வேறு வேறு நோய்கள். ஆனால் அடிக்கடி ஒரே ஆளிடம் சேர்ந்து குடியிருக்கும். பெயர் வருவதற்கு முன்பே இலக்கியம் இவற்றை எழுதியிருக்கிறது. எவ்வளவு சரியாக எழுதியது, எங்கே ஏமாற்றியது என்று பார்க்க மூன்று பிரதிகளை எடுத்துக்கொள்கிறேன்: ஒரு நகைச்சுவை நாவலின் முதல் அத்தியாயம், முடிக்கப்படாத ஒரு ரஷ்யக் கதை, இலக்கிய வாசகர்கள் கையில்கூட எடுக்காத ஒரு சுய உதவிப் புத்தகம். மூன்றில் கடைசிதான் நேர்மையானது என்பது என் கட்சி.

1

அதற்கு முன் கதை என்ற வடிவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதையில் எந்த உடல் குறியும் சும்மா வராது. தமிழ் சினிமாவில் நாயகி கைக்குட்டையை வாயில் வைத்து இருமினால் அடுத்த ஷாட்டில் ரத்தம் இருக்கும். தலை சுற்றி விழுந்தால் கர்ப்பம், இல்லையென்றால் கேன்சர். 'வெயில்ல நின்னதால தலை சுத்திச்சு, மோர் குடிச்சதும் சரியாப் போச்சு' என்று எந்தப் படத்திலும் ஒரு காட்சி வைக்க மாட்டார்கள். வைத்தால் எடிட்டர் வெட்டிவிடுவார். ஏனென்றால் கதைக்கு வேலையில்லாத விவரம் பிடிக்காது.

உடம்பு அப்படிப்பட்ட பிரதி கிடையாது. அது நாள் முழுக்க அர்த்தமில்லாத சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்ட மாதிரி இருக்கும், கண்ணிமை துடிக்கும், விலாவில் சுருக்கென்று குத்தும், போய்விடும். இதில் பெரும்பாலானவற்றுக்குப் பின்கதை இல்லை. ஆரோக்கியம் குறித்த பதற்றத்தில் இருப்பவர், அர்த்தமில்லாத இந்தச் சத்தத்தைக் கதையின் இலக்கணத்தோடு வாசிக்கிறார். அவருக்கு ஒவ்வொரு சுருக்கும் ஒரு முன்னறிவிப்பு. நாம் இலக்கிய வகுப்பிலும் வாசகர் வட்டத்திலும் பாராட்டுகிற நுண்வாசிப்பு இருக்கிறதே, அதே திறமைதான். இடம் மாறிப்போய்விட்டது, அவ்வளவுதான்.

இது என் உவமை மட்டும் இல்லை. 1986ல் டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் மையக் கருத்து ஏறக்குறைய இதுதான்: உடலின் சாதாரண உணர்வுகளைப் பேரழிவின் அறிகுறியாகத் தவறாகப் பொருள்கொள்வதிலிருந்து பேனிக் பிறக்கிறது. நெஞ்சு லேசாகத் துடிக்கிறது. 'ஹார்ட் அட்டாக்' என்று வாசிக்கிறோம். பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது. நெஞ்சு இன்னும் வேகமாகத் துடிக்கிறது. 'பார்த்தியா, நான் நினைச்சது சரிதான்' என்கிறோம். மூச்சு வேகமாகி ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைகிறது. அதனால் தலை கிறுகிறுக்கிறது, விரலிலும் உதட்டிலும் ஊசி குத்துகிறது. புதிதாக இரண்டு ஆதாரம் கிடைத்துவிட்டது! வாசிப்பே பிரதியை எழுதிக்கொண்டு போகிறது.

2

ஜெரோம் கே. ஜெரோமின் 'த்ரீ மென் இன் எ போட்' 1889ல் வந்தது. அதன் முதல் அத்தியாயத்தில் கதைசொல்லி ஏதோ ஒரு சின்ன உபாதைக்கு மருத்துவம் பார்க்க லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்துக்குப் போகிறார். புத்தகத்தைச் சும்மா புரட்டுகிறார். ஒரு நோயின் அறிகுறிகளைப் படிக்கிறார். அது தனக்கு இருக்கிறது. அடுத்ததும் இருக்கிறது. அகர வரிசைப்படி முழுதும் படித்து முடித்தால் ஒன்றே ஒன்றைத் தவிர எல்லாமே இருக்கிறது. அந்த ஒன்று, மண்டியிட்டுத் தரை துடைக்கும் பணிப்பெண்களுக்கு வரும் முழங்கால் வீக்கம். அது மட்டும் ஏன் தனக்கு வரவில்லை என்று அவருக்கு மனத்தாங்கல் வேறு.

இன்று அந்த நூலகம் நம் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. 'இடது கை வலி' என்று தட்டினால் போதும்.

இந்த அத்தியாயத்தைச் சிரித்துவிட்டுத் தாண்டிப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. படித்து முடித்தவுடன் கதைசொல்லி தன் நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். முதலில் நாடியே கிடைக்கவில்லை. பிறகு திடீரென்று கிளம்பி நிமிஷத்துக்கு 147 தடவை அடிக்கிறது. படிப்பது, பயப்படுவது, சோதித்துப் பார்ப்பது, சோதித்ததாலேயே அறிகுறி கூடுவது என்று கிளார்க் வரைந்த வட்டம், அவருக்கு 97 வருஷம் முன்பே நகைச்சுவையாக எழுதப்பட்டிருக்கிறது. நூலகத்துக்குள் ஆரோக்கியமாக நுழைந்த மனிதர் நொந்து தள்ளாடி வெளியே வருகிறார்.

வாசிப்பின் பிழையை ஜெரோம் துல்லியமாகப் பிடித்துவிட்டார். கோட்டை விட்டது பயத்தை. அவருடைய ஆளுக்கு ஒரு கணம்கூட உண்மையான பயம் இல்லை. டாக்டரிடம் போகிறார், மாட்டிறைச்சி, பீர், காலையில் பத்து மைல் நடை, ராத்திரி பதினொன்றுக்குத் தூக்கம், புரியாத விஷயங்களைத் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் இருப்பது என்று சீட்டு எழுதிக் கொடுக்கிறார் டாக்டர். விஷயம் முடிந்தது. நோய்ப் பதற்றக்காரர் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எப்போதும் இப்படித்தான் வேடிக்கையாகத் தெரிவார். 'உனக்கு ஒண்ணும் இல்ல, எல்லாம் மனசுலதான்' என்று வீட்டில் சொல்வதும் இந்தப் பார்வையிலிருந்துதான். அதில் பாதிதான் உண்மை. நோய் இல்லை, சரி. ஆனால் 147 துடிப்பு இருக்கிறதே? வியர்வையும் நடுக்கமும் மரத்த விரலும் கற்பனை இல்லை. அவற்றுக்குத் தரப்பட்ட அர்த்தம் மட்டும்தான் தப்பு. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் சிரிக்கிற எந்த எழுத்தும், பாதிக்கப்பட்டவரைத் தன் உடம்போடு சேர்த்துத் தன் புத்தியையும் சந்தேகப்பட வைக்கிறது.

3

பயத்தைப் பிடித்தவர் டால்ஸ்டாய். 1869ல், 'போரும் அமைதியும்' எழுதி முடித்த கையோடு, பென்ஸா மாகாணத்தில் ஒரு பண்ணையை விலைக்குப் பார்க்கப் போனவர், வழியில் அர்ஸமாஸ் என்ற ஊரில் ராத்தங்கினார். அங்கே நடுராத்திரியில் அவரை ஒரு திகில் பிடித்தது. மனைவிக்கு அதைப் பற்றிக் கடிதம் எழுதினார். 1884ல் அதைக் கதையாக எழுதத் தொடங்கி, முடிக்காமலே விட்டார். 'ஒரு பைத்தியக்காரனின் குறிப்புகள்' என்ற அந்தக் கதை அவர் இறந்தபிறகு 1912ல் வெளியானது. (இதே போன்ற தலைப்புள்ள கோகோல் கதை வேறு.)

அந்த விடுதி அறை வெள்ளையடித்த சதுர அறை. அது சதுரமாக இருப்பதே கதைசொல்லிக்குத் தொந்தரவாக இருக்கிறது. ஜன்னலில் சிவப்புத் திரை. எதற்காக இங்கே வந்தேன், எதிலிருந்து ஓடுகிறேன் என்று கேட்டுக்கொள்கிறார். மரணம் பக்கத்திலேயே நிற்கிறது. அவர் உணர்வது வாந்திக்கு முன்னால் வருமே, அந்த மாதிரி ஒரு குமட்டல், ஆனால் ஆன்மாவில். பேனிக் வந்தவர்கள் இந்தப் பக்கங்களைப் படித்தால் 'ஐயோ, இது எனக்குத் தெரியுமே' என்பார்கள். குறிப்பாக அந்தச் சதுரம். தாக்குதல் நேரத்தில் சுவரும் விளக்கும் மின்விசிறியும் அந்நியமாகி, உலகமே செட் போட்ட மாதிரித் தெரியும். பேனிக்கின் அறிகுறிகளில் மருத்துவம் சேர்த்திருக்கும் இந்த உணர்வை டால்ஸ்டாய் ஒரே ஒரு வடிவ விவரத்தில் எழுதிவிட்டார்.

பிறகுதான் சிக்கல். கதையில் இது மூன்று முறை வருகிறது: அர்ஸமாஸில், மாஸ்கோ விடுதியில், வேட்டைக்குப் போய்க் காட்டில் வழிதவறும்போது. ஒவ்வொரு முறையும் அது ஒரு செய்தியாகத் திரள்கிறது. கடைசியில் கதைசொல்லி, ஏழைக் குடியானவர்களின் கஷ்டத்தில் லாபம் பார்க்கும் பண்ணை வியாபாரத்தை விடுகிறார். தேவாலய வாசலில் இருக்கும் ஏழைகளுக்குக் கையில் உள்ளதைக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போகிறார். பயம் ஞானத்தின் தபால்காரன் ஆகிவிட்டது.

டால்ஸ்டாயின் வாழ்க்கையில் அப்படி நடந்திருக்கலாம். அதை மறுக்க நான் யார்? ஆனால் இந்த வடிவம் பிறகு ஒரு மரபாகிவிட்டது. பதற்றம் என்பது நுண்ணுணர்வின் அடையாளம், கலைஞனுக்கு வாய்த்த வரம், அதற்குள் ஏதோ ஆழமான உண்மை இருக்கிறது என்றெல்லாம் நாமும் பேசுகிறோம். பேருந்தில் ஏற முடியாமல், தனியாகக் குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட முடியாமல் இருக்கிற இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இந்தப் பேச்சு உதவாது. 'இது என்ன சொல்ல வருது?' என்று அவன் இன்னும் ஆழமாக வாசிப்பான். அவன் நோயே அந்த வாசிப்புதான்.

டால்ஸ்டாயின் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது: சாவு நிச்சயம். பேனிக் அந்த உண்மையைத் திருடிக்கொண்டு ஒரே ஒரு சொல்லை மாற்றுகிறது. 'ஒருநாள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'இப்போ' என்று போட்டுவிடுகிறது. பொய் முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. தத்துவம் 'ஒருநாள்' பற்றிப் பேசலாம். 'இப்போ'வுக்குத் தத்துவம் பதில் கிடையாது.

4

அந்த 'இப்போ'வுக்கு எழுதப்பட்ட புத்தகம் கிளேர் வீக்ஸின் 'செல்ஃப் ஹெல்ப் ஃபார் யுவர் நெர்வ்ஸ்' (1962). வீக்ஸ் ஆஸ்திரேலியக்காரர். முதலில் விலங்கியல் ஆய்வாளர். பல்லியினங்களின் இனப்பெருக்கம் பற்றி ஆராய்ந்தவர். இளம் வயதில் காசநோய் என்று தவறாகக் கண்டறியப்பட்டு, சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடந்தார். வெளியே வந்தபின் நெஞ்சுப் படபடப்பு விடவில்லை. முதல் உலகப்போரில் இருந்த ஒரு நண்பர், போர்முனையில் சிப்பாய்களுக்கும் இப்படித்தான் அடித்துக்கொள்ளும், இது பயத்தின் வேலை என்று சொன்னது அவருக்குத் திறவுகோலானது. பின்பு மருத்துவம் படித்து டாக்டரானார்.

அவர் பயத்தை இரண்டாகப் பிரிக்கிறார். முதல் பயம் தானாக வருவது, அனிச்சை. அதன் மேல் நாம் 'ஐயையோ, வந்துடுச்சே' என்று சேர்ப்பது இரண்டாவது பயம். முதலாவதை நம்மால் நிறுத்த முடியாது, இரண்டாவதைச் சேர்க்காமல் இருக்கப் பழகலாம். அவர் தரும் வழி நான்கு சொற்களில் அடங்கும்: எதிர்கொள், ஏற்றுக்கொள், மித, காலம் போகவிடு. எதிர்த்துச் சண்டை போடு என்று எங்கும் சொல்வதில்லை. தாக்குதல் சில நிமிஷங்களில் உச்சத்துக்குப் போய், சண்டை போடாவிட்டால் தானாக வடியும் என்பதால்.

உரைநடையாகப் பார்த்தால் இது தட்டையான புத்தகம். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது, 'நீங்கள்' என்று நேராகப் பேசுகிறது, உவமைகள் எளியவை. நம்மைப் போன்றவர்கள் இரண்டு பக்கத்தில் மூடிவைத்துவிடுவோம். ஆனால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். பயத்தில் இருப்பவரால் நீள வாக்கியத்தைப் பின்தொடர முடியாது. ஒருமுறை கேட்ட ஆறுதல் ஐந்து நிமிஷத்தில் ஆவியாகிவிடும். திரும்பச் சொல்வது அங்கே கலைக்குறை இல்லை, வேலையே அதுதான். அறிகுறிகளை அவர் ஒன்றொன்றாக வரிசைப்படுத்தி விளக்குகிறார்: வியர்க்கும் உள்ளங்கை, தவறும் துடிப்பு, தொண்டையில் கட்டி. ஜெரோமின் ஆள் நூலகத்தில் படித்த அதே மாதிரிப் பட்டியல்தான். ஆனால் ஒவ்வொன்றின் பின்னாலும் இருந்த கதையை வீக்ஸ் உருவிவிடுகிறார். 'இது நரம்பின் சத்தம். மேலே போங்கள்.' அவருடைய நிலைப்பாட்டை இப்படித்தான் என் மொழியில் சுருக்குவேன்.

குறைகளும் உண்டு. எல்லாவற்றையும் 'நரம்பு' என்ற ஒரே பைக்குள் போட்டுவிடுகிறார். கடன், வேலை, வீட்டுக்குள் அடி என்று ஒருவரைப் பயத்திலேயே வைத்திருக்கும் காரணங்கள் உண்டு. அவை மிதப்பதால் போகாது. இன்று இதற்கு உளவியல் சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன. ஒரு புத்தகம் அவற்றுக்குப் பதிலாகாது. முதல் தடவை நெஞ்சு வலித்தால் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும், கட்டுரையை இல்லை. ஆனால் நாலாவது ஈசிஜியும் நார்மல் என்று வந்தபிறகு, 'மிஷின்ல தப்பு இருக்குமோ' என்று ஐந்தாவதுக்குக் கிளம்புகிறவருக்கு வீக்ஸ் தருவதை ஜெரோமும் டால்ஸ்டாயும் தரவில்லை.

5

தமிழில் இப்போது நிறையப் பேர் பதற்றத்தை எழுதுகிறார்கள். நல்ல விஷயம். 'கேஸ் ட்ரபிள்' என்றும் 'படபடப்பு' என்றும் மூடிவைத்திருந்த ஒன்று வெளியே வந்திருக்கிறது. அவர்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. ஒரு பாத்திரத்துக்கு நெஞ்சு படபடக்கட்டும், வியர்க்கட்டும், சுவர் அந்நியமாகட்டும். அதன்பிறகு அவள் சாக வேண்டாம், ஞானமும் அடைய வேண்டாம், பால்யத்தின் காயம் ஒன்று ஞாபகத்துக்கு வரவும் வேண்டாம். பதினைந்து நிமிஷம் கழித்துப் படபடப்பு அடங்கட்டும். அவள் எழுந்து போய்க் குக்கரை இறக்கட்டும். கதையாக அது சப்பென்றுதான் இருக்கும். அதைப் படிக்கிற யாரோ ஒருவருக்கு, ராத்திரி இரண்டு மணிக்கு, அந்தச் சப்பென்ற முடிவுதான் தேவைப்படும்.